முடிவும் முனையமும்

மொழி கற்பிப்போர்க்குச் சொல்லே கருவி. அறுவை மருத்துவர் தம் கத்தியின் கூர்மையைச் சோதித்துப் பார்ப்பதுபோல, ஆசிரியரும் தாம் வழங்கும் சொல்லின் பொருளைச் சோதித்துப் பார்த்தல் வேண்டும். மழுங்கிய கத்தி நோயாளியை வருத்தும். பொருள் வரையறை குன்றிய சொல் கேட்டவரை வருத்தும். பின்னைய வருத்தம் கண்ணுக்குத் தெரிவதில்லை; ஆதலின் அதனை நாம் பெரிதாக எண்ணுவதுமில்லை.

ஆங்கிலத்தில் 'டெர்மினஸ்' என்றும் 'டெர்மினல்' என்றும் இரு பெயர்ச்சொற்கள் வழங்குகின்றன. இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை. ஓசையால் இரட்டையர் போன்றவை. பயணத்தின் இறுதியைக் குறிக்க இரண்டுமே பயன்படுகின்றன. நம் மாணவர்கள் கையாளும் சிறு அகராதிகள் பலவும் இவ்விரண்டிற்கும் 'முடிவு', 'இறுதி', 'முனையம்' எனப் பொருள் தந்துவிட்டு அடுத்த சொல்லுக்கு நகர்ந்துவிடுகின்றன. இவ்விரு சொற்களும் ஒன்றல்ல. ஒன்றெனக் கற்பிப்பது தவறு. அத்தவற்றினை நாமும் செய்தோம். இம்மூன்றினையும் நம் துறையின் மலரில் பதிவு செய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு மாணவரின் ஏடு

சில ஆண்டுகளுக்கு முன், இளங்கலை இரண்டாம் ஆண்டு பயின்ற மாணவர் ஒருவர் வகுப்பு முடிந்ததும் நம் மேசையருகே வந்து நின்றார். எப்போதும் முன்வரிசையில் அமர்ந்து குறிப்பெடுப்பவர். மூன்று நாள் விடுப்பிற்குப் பின் அன்றுதான் கல்லூரிக்கு வந்திருந்தார். "ஐயா, வாப்பாவுக்கு ஸ்கேன் எடுத்தோம். டெர்மினல் என்று எழுதியிருக்கிறார்கள்" என்றார். அதற்குமேல் அவரால் பேச இயலவில்லை.

கடற்கரை ஊர் ஒன்றில் மளிகைக் கடை நடத்தும் குடும்பம் அது. வாப்பாவுக்குப் பல வாரங்களாக வயிற்று வலி, மாலை நேரக் காய்ச்சல், உடல் மெலிவு. ஸ்கேன் அறிக்கை கைக்கு வந்த நாளில் பார்த்துவந்த மருத்துவர் ஊரில் இல்லை. வீட்டில் ஆங்கிலம் அறிந்தவர் இம்மாணவர் ஒருவரே. அறிக்கையில் அந்தச் சொல்லைக் கண்டதும் தம் மொழிபெயர்ப்புப் பாட ஏட்டைத் திறந்து பார்த்திருக்கிறார். 'டெர்மினல் : முடிவு, இறுதி, மரணத்தில் முடிகின்ற' என்று அதில் இருந்தது. உம்மாவிடம் சொன்னார், உம்மா உறவினரிடம் சொன்னார். வளைகுடா நாட்டில் பணிபுரிந்த அண்ணன் வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்ப ஆயத்தமானார். வாப்பாவோ கடைக் கணக்கேட்டை வரவழைத்து, யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டியுள்ளது என்று பட்டியல் எழுதச் சொல்லிவிட்டார்.

அறிக்கையை வாங்கிப் பார்த்தோம். நம் கண்ணிலும் அச்சொல் அதே பொருளில்தான் பட்டது. ஆனால் அதற்கு அடுத்திருந்த சொல் நமக்கு விளங்கவில்லை. 'டெர்மினல் இலியம்' என்றிருந்தது. நண்பரான மருத்துவர் ஒருவரிடம் மாணவரை அழைத்துச் சென்றோம். அவர் ஒருமுறை படித்துவிட்டு, "இது நோயின் பெயரன்று ஐயா, குடலில் ஓர் இடத்தின் பெயர்" என்றார். சிறுகுடலின் கடைக் கூறு இலியம். அது பெருங்குடலோடு சென்று சேர்வதற்குச் சற்று முன்னுள்ள பகுதியே டெர்மினல் இலியம். பிறந்த குழந்தைக்கும் அது உண்டு. நூறாண்டு வாழ்ந்தவர்க்கும் அது உண்டு. உண்ட உணவு அங்கே முடிந்துபோவதில்லை. அதன் வழியே பெருங்குடலுக்குள் செல்கிறது. வைட்டமின் பி12 என்னும் சத்தை உடல் ஈர்த்துக்கொள்வதும் அவ்விடத்திலேதான். அப்பகுதியின் சுவர் தடித்திருக்கிறது என்பது மட்டுமே அறிக்கை சொன்ன செய்தி. மேற்சோதனையில் குடற்காசம் எனத் தெரிந்தது. மாதக் கணக்கில் மாத்திரை உட்கொண்டு, இறையருளால் வாப்பா நலம் பெற்றுக் கடைக்குத் திரும்பினார்.

நோய் தீர்ந்தது. ஆயினும் அக்குடும்பம் அழுது கழித்த நாள்களுக்குப் பொறுப்பேற்க வேண்டியவர் யார்? அறிக்கை எழுதியவர் தம் துறைச் சொல்லைச் சரியாகவே எழுதினார். மாணவர் தாம் கற்றதைச் சரியாகவே நினைவு வைத்திருந்தார். அந்த ஏட்டில் அச்சொல்லையும் அதன் பொருளையும் எழுதிக்கொள்ளச் சொன்னவர் நாமே.

எல்லைக் கல்லில் பிறந்த சொல்

'டெர்மினஸ்' இலத்தீன் சொல். எல்லை என்பதும், எல்லையில் நடப்பட்ட கல் என்பதும் அதன் முதற்பொருள். பண்டை உரோமர் எல்லைக் கல்லைப் புனிதமாகக் கருதினர். எல்லைக்கெனத் தெய்வம் ஒன்றையே கற்பித்து, ஆண்டுதோறும் பிப்ரவரி 23ஆம் நாள் விழா எடுத்தனர். அண்டை நிலங்களின் உரிமையாளர் இருவரும் அவரவர் பக்கமிருந்து வந்து அக்கல்லுக்கு மாலை சூட்டுவர். உரோம நகரின் குன்றில் பெருங்கோயில் எழுப்ப இடம் தேவைப்பட்டபோது, பிற தெய்வங்கள் இடம் விட்டு அகன்றன என்றும், எல்லைத் தெய்வம் மட்டும் அசைய மறுத்தது என்றும் அவர்கள் கதை சொல்லினர். கதை எத்தன்மைத்தாயினும் அதன் கருத்துத் தெளிவு. எல்லை என்பது நகராதது. அதற்கு அப்பால் நம்முடையது எதுவுமில்லை.

'டெர்மினல்' என்பது அச்சொல்லோடு பெயரடை விகுதி சேர்ந்து உருவானது. 'எல்லையைச் சார்ந்த' என்பதே அதன் நேர்பொருள். முதலில் பெயரடையாக வழங்கிப் பின்னர்ப் பெயராகவும் நின்றது. ஆகவே முன்னைய சொல் எல்லையையே சுட்டுகிறது. பின்னைய சொல் எல்லையைச் சார்ந்து அமைந்த கட்டடம், கருவி, உறுப்பு முதலியவற்றைச் சுட்டுகிறது. ஒன்றின் பெயர் அதனோடு தொடர்புடைய பிறிதொன்றற்கு ஆகிவருவதை ஆகுபெயர் என நம் இலக்கணம் வகுத்துள்ளது. அதனைக் கற்ற மாணவர்க்கு இவ்வளர்ச்சியை விளக்குவது கடினமன்று.

இவ்வேரிலிருந்தே 'டெர்ம்' என்னும் சொல்லும் தோன்றிற்று. கல்லூரியில் பருவத்தையும் அறிவுத்துறையில் கலைச்சொல்லையும் அது குறிக்கும். பருவத்திற்குக் கால எல்லை உண்டு. கலைச்சொல்லுக்குப் பொருள் எல்லை உண்டு. தமிழில் 'வரையறை' என்னும் சொல்லுக்குள்ளும் 'வரை' என்னும் எல்லை இருப்பதை நோக்குக. எல்லை கட்டப்பெற்ற சொல்லே கலைச்சொல். எல்லையைக் குறிக்கும் கலைச்சொற்களுக்கே நாம் எல்லை கட்டாமல் விட்டது வருந்தத்தக்கது.

இருப்புப்பாதை கற்பிக்கும் பாடம்

இவ்விரு சொற்களும் நம் நாட்டு மக்கள் நாவில் ஏறியது இருப்புப்பாதையின் வாயிலாகவே எனலாம். 1853 ஏப்ரல் 16ஆம் நாள் பம்பாயின் போரி பந்தரிலிருந்து தானே வரை 34 கிலோமீட்டர் தொலைவுக்குப் பயணியர் தொடர்வண்டி ஓடிற்று. அவ்விடத்தையொட்டி 1878இல் கட்டத் தொடங்கிப் பத்தாண்டுகளில் நிறைவுற்ற மாளிகையே விக்டோரியா டெர்மினஸ். அதனை வடிவமைத்தவர் எஃப். டபிள்யூ. ஸ்டீவன்ஸ் என்னும் ஆங்கிலேயப் பொறிஞர். 1996இல் சத்ரபதி சிவாஜி பெயரை ஏற்றது. 2004இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. 2017இல் பெயரோடு 'மகாராஜ்' என்பதும் சேர்ந்தது. அரசி பெயர் போய் மன்னர் பெயர் வந்தபோதும் 'டெர்மினஸ்' என்னும் பின்னொட்டு மாறவில்லை. தண்டவாளம் அங்கே முடிகின்றது. அதற்கு அப்பால் வண்டி செல்ல வழியில்லை. ஆதலின் அப்பெயர் அதற்கு முற்றும் பொருந்துவது.

ஆங்கிலேயர் இத்தகைய நிலையத்தை டெர்மினஸ் என்பர். அமெரிக்கர் டெர்மினல் என்பர். நியூயார்க் நகரில் 1913 பிப்ரவரி 2ஆம் நாள் திறக்கப்பெற்ற கிராண்ட் சென்ட்ரல் டெர்மினல் அதற்குச் சான்று. நாம் ஆங்கிலேயரிடம் ஒன்றும் அமெரிக்கரிடம் மற்றொன்றுமாக இரண்டையும் பெற்றுக்கொண்டோம். மும்பையில் லோகமான்ய திலக் டெர்மினஸ். தில்லியில் ஆனந்த் விகார் டெர்மினல். பெங்களூரில் 2022இல் இயங்கத் தொடங்கிய சர் எம். விஸ்வேஸ்வரய்யா டெர்மினல். இவற்றுள் ஆனந்த் விகாரை நோக்குக. பல வண்டிகள் அங்கிருந்து புறப்படுகின்றன. அங்கேயே பயணத்தை முடிக்கின்றன. வேறு பல வண்டிகளோ அங்கு நின்று, பயணியரை ஏற்றி இறக்கி, அப்பாலும் செல்கின்றன. டெர்மினல் என்னும் சொல் இதனைப் பொறுத்துக்கொள்கிறது. டெர்மினஸ் என்னும் சொல் பொறுத்துக்கொள்ளாது.

ஓரிடம் என்றென்றும் டெர்மினஸாகவே இருக்கும் என்பதுமில்லை. தென்னகத்தின் முதற் பயணியர் தொடர்வண்டி 1856 ஜூலை 1ஆம் நாள் சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிற்று. அன்று இராயபுரமே பாதையின் எல்லை. 1873இல் சென்ட்ரல் நிலையம் வந்தது. இராயபுரத்தின் சிறப்பு மெல்ல மங்கிற்று. இன்று புறநகர் வண்டிகள் சற்றே நின்று கடந்து செல்லும் நிறுத்தங்களுள் ஒன்றாக அது விளங்குகிறது. நகராதிருத்தல் உரோமரின் கல்லுக்குப் பொருந்தலாம். மனிதர் இடும் பாதைகளுக்குப் பொருந்துவதில்லை.

தண்டவாளம் முடிந்த இடம்

இவ்வேறுபாட்டினை உணர்த்த நம் பகுதியிலேயே ஓர் ஊர் உண்டு. அது தனுஷ்கோடி. 'கோடி' என்பது வில்லின் நுனியைக் குறிப்பது. தமிழிலும் தெருக்கோடி என்கிறோம், கோடிக்கரை என்கிறோம். ஆகவே அவ்வூர்ப் பெயரிலேயே முடிவு அமைந்துள்ளது.

1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பெற்றபின் 'போட் மெயில்' என்னும் தொடர்வண்டி சென்னை எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி வரை சென்றது. அங்கே தண்டவாளம் முடிந்தது, பயணம் முடியவில்லை. துறையில் காத்திருந்த கப்பலில் பயணியர் ஏறித் தலைமன்னார் சென்று, அங்கிருந்து மீண்டும் தொடர்வண்டியில் கொழும்பு அடைந்தனர். நம் சமுதாயப் பெரியோர் பலரின் தந்தையரும் பாட்டனாரும் அவ்வழியே இலங்கைக்கு வணிகம் செய்யச் சென்றவர்கள். அவர்களுள் எவரும் தனுஷ்கோடியைத் தம் பயணத்தின் முடிவாகக் கருதியதில்லை. வண்டிக்கு அது டெர்மினஸ். பயணிக்கு அது டெர்மினல். ஒரே இடம், ஒரே மேடை. வேறுபாடு நோக்குபவரின் நிலையில் இருக்கின்றது.

1964 டிசம்பரில் வீசிய பெரும்புயல் அவ்வூரையும் இருப்புப்பாதையையும் அழித்தது. தண்டவாளம் மீண்டும் அங்குச் செல்லவில்லை. இராமேஸ்வரமே வண்டிகளின் எல்லையாயிற்று. அங்கிருந்து சென்ற கப்பலும் 1980களில் இலங்கைப் போர்ச்சூழலால் நின்றது. 2025 ஏப்ரலில் பாம்பனில் புதிய பாலம் திறக்கப்பெற்றது. அதன்வழிச் செல்லும் வண்டியும் இராமேஸ்வரத்தோடு நின்றுவிடுகிறது. வழிமாறும் இடமாக இருந்தது முடியும் இடமாகிவிட்டது. இவ்விழப்பின் அளவைச் சொல்ல முனையும் தமிழ் எழுத்தாளர், இரண்டிற்கும் 'முனையம்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு என் செய்வார்?

வானூர்தி, மின்கலம், கணினி

வானூர்தி நிலையத்தில் டெர்மினஸ் என்னும் சொல் வழங்குவதேயில்லை. சென்னை நிலையத்தில் உள்நாட்டு முனையம் காமராசர் பெயரையும், பன்னாட்டு முனையம் அண்ணா பெயரையும் தாங்கின. துபாயில் வானூர்தி மாறி இலண்டன் செல்பவர் துபாயின் டெர்மினலில் சில மணி நேரம் அமர்ந்திருப்பார். அவர் பயணம் அங்கு முடிவதில்லை. நிலத்திலிருந்து வானுக்கும், வானிலிருந்து நிலத்திற்கும், ஒரு வானூர்தியிலிருந்து மற்றொன்றிற்கும் மாறும் கட்டடமே அங்கு டெர்மினல்.

ஜித்தா நகரில் 1981இல் திறக்கப்பெற்ற ஹஜ் டெர்மினலை நம் பெரியோர் பலர் நேரில் கண்டிருப்பர். பாலைவனக் கூடாரங்களைப் போன்ற 210 துணிக் கூரைகள் நிழல் தரும் பெருங்கட்டடம் அது. டாக்காவில் பிறந்த பொறியியல் அறிஞர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான் அதன் அமைப்பில் பெரும்பங்காற்றியவர். அங்கு வந்திறங்கும் ஹாஜிகள் எவரேனும் தம் ஹஜ் அங்கு முடிந்துவிட்டதென எண்ணுவரோ? மக்கா இன்னும் முன்னே இருக்கின்றது; கடமைகள் யாவும் இனித்தான் தொடங்கவேண்டும். 'ஹஜ் டெர்மினல்' என்பதை 'ஹஜ் முடிவு' என மொழிபெயர்த்தால் சிறு பிள்ளையும் நகைக்கும். அதே பிழையை மருத்துவ அறிக்கையில் செய்தபோது எவரும் நகைக்கவில்லை; அழுதனர்.

மின்கலத்தின் இரு டெர்மினல்களும் மின்சாரம் முடியும் இடங்கள் அல்ல. அது வெளியேறிச் சுற்றி மீண்டும் உட்புகும் இடங்கள். கணினியின் டெர்மினல், மனிதர் தம் வினாவை உள்ளே செலுத்தி விடையைப் பெறும் இடம். ஆகவே டெர்மினல் என்னும் பெயர்ச்சொல், இன்றைய ஆங்கிலத்தில் பெரும்பாலும், கடந்து செல்லும் வாயிலையே குறிக்கின்றது.

பெயரடையாக நின்று நோயைத் தழுவும்போது மட்டும் அதன் பொருள் கடுமையாகின்றது. 'டெர்மினல் இல்னெஸ்' எனில் தீர்க்க இயலாத, இறப்பில் முடியக்கூடிய நோய். அங்கு அச்சொல் தன் பழைய எல்லைக்கல் பொருளுக்கே மீண்டுவிடுகிறது. நாம் மாணவர்க்குச் சொல்லாமல் விட்டது இதுவே. அச்சொல் எதனைத் தழுவுகின்றது என்பதைக் கண்டபின்னரே அதன் பொருளைத் துணிதல் வேண்டும்.

நம் மொழியில் உள்ள வளம்

இவ்வேறுபாட்டைச் சொல்லத் தமிழில் சொல்லில்லை என்று எவரும் கூற இயலாது. எல்லை, இறுதி, ஈறு, கடை, கோடி, முனை, வரம்பு, முற்று என நீளும் வரிசை நம்மிடம் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி இயல்பும் உண்டு. சொல்லின் இறுதி எழுத்தை ஈறு என்போம். வேலியின் இறுதியை ஈறு என்னோம். கத்தியின் நுனி முனை; கதையின் இறுதி முனையன்று. 'கடை' என்னும் சொல்லோ இறுதியையும் குறிக்கும், வாயிலையும் குறிக்கும். பழம்பாடல்களில் புலவர் பரிசில் வேண்டி நிற்கும் இடம் அரண்மனையின் கடை. புறக்கடை என்னும் வழக்கு இன்றும் ஊர்ப்புறங்களில் உண்டு. முடியும் இடமே கடந்து செல்லும் இடமாகவும் இருக்கலாம் என்பதை இச்சொல்லை ஆக்கியோர் அறிந்திருந்தனர் போலும்.

நம் இலக்கணத்தில் வினைமுற்று என்றும் வினையெச்சம் என்றும் இரண்டு உள. 'வந்தான்' என்பது முற்று; கருத்து அங்கு நிறைவுற்றது. 'வந்து' என்பது எச்சம். வருதல் என்னும் செயல் நிகழ்ந்துவிட்டது, ஆயினும் கருத்து அடுத்த வினையை நோக்கி நிற்கின்றது. டெர்மினஸ் முற்றுப் போன்றது. டெர்மினல் எச்சம் போன்றது. இவ்வொப்புமையை வகுப்பில் சொல்லிப் பார்த்தோம். ஆங்கில விளக்கத்தால் அரை மணி நேரத்தில் விளங்காதது இரண்டு நிமிடத்தில் விளங்கிற்று.

ஆய்வு மாணவர்க்கு மற்றொன்றும் சொல்லவேண்டும். ஒரு நூலின் காலத்தைத் துணியும்போது முன்னெல்லை, பின்னெல்லை என்கிறோம். மேலைநாட்டு ஆய்வாளர் அங்கு டெர்மினஸ் என்னும் சொல்லையே ஆள்வர், டெர்மினல் என்னார். முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களுள் தொன்மையானதாகக் கருதப்பெறும் ஆயிர மசலாவின் ஆண்டு 1572. இது ஒரு பின்னெல்லை. இஸ்லாமியர் தமிழில் இலக்கியம் படைக்கத் தொடங்கியது இவ்வாண்டுக்குப் பின்னர் அன்று என்பதே அது உணர்த்துவது. இவ்வாண்டில்தான் தொடங்கினர் என்பதன்று. எல்லையைத் தொடக்கமாகக் கொள்வதும் முடிவாகக் கொள்வதும் ஒரே வகைப் பிழையே.

நம் ஊர்களில் வீட்டு முகப்பில் 'மன்ஸில்' என எழுதி வைக்கிறோம். அரபு மொழியில் அது இறங்கித் தங்குமிடத்தைக் குறிப்பது, வீட்டையும் குறிப்பது. திருக்குர்ஆனை ஏழு நாளில் ஓதி நிறைவு செய்ய ஏதுவாக ஏழு மன்ஸில்களாகப் பகுத்துள்ளனர். அதே சொல் உருதுவில் சென்றடையும் இலக்கைக் குறிக்கும். ஒரு மொழியில் தங்கிச் செல்லும் இடம். மற்றொரு மொழியில் சென்று சேரும் இடம். வேர் ஒன்றே என்பதால் பொருளும் ஒன்றே என முடிவு கட்டலாகாது என்பதற்கு நம் வீட்டு வாயிலே சான்று பகர்கின்றது.

ஓர் எதிர்வாதம்

"ஆங்கிலேயரே இவ்விரண்டையும் கலந்து வழங்குகின்றனர். தமிழிலும் முனையம் என்னும் சொல் நிலைபெற்றுவிட்டது. இனி எதற்கு இந்த நுட்பம்?" என வினவுவோர் உளர். இவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. சென்னைக் கோயம்பேட்டில் 2002இல் திறக்கப்பெற்றது ஆங்கிலத்தில் டெர்மினஸ். தமிழில் அதனைப் பேருந்து நிலையம் என்றனர். கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பரில் திறக்கப்பெற்றதும் ஆங்கிலத்தில் டெர்மினஸே. தமிழில் அது பேருந்து முனையம். இதனால் எந்தப் பயணியும் வழி தவறியதில்லை. பெயர்ப்பலகையில் இவ்வேறுபாடு பெரிதன்று என்பதை ஒப்புக்கொள்கிறோம். மக்கள் வழக்கில் வேரூன்றிய முனையத்தைப் பிடுங்கி எறியவேண்டும் எனவும் நாம் கூறவில்லை.

ஆனால் பெயர்ப்பலகையைப் படிப்பவர்க்கு அருகில் பேருந்து நிற்கின்றது. ஐயம் எழுந்தால் நடத்துநரைக் கேட்கலாம். மருத்துவ அறிக்கை, பணி ஒப்பந்தம், நீதிமன்ற ஆணை ஆகியவற்றைத் தனியே அமர்ந்து படிப்பவர்க்குச் சொல்லைத் தவிர வேறு துணையில்லை. வளைகுடா நாடுகளுக்குச் செல்லும் நம் இளைஞர் கையொப்பமிடும் ஒப்பந்தங்களில் 'டெர்ம்', 'டெர்ம்ஸ்', 'டெர்மினேஷன்' என்னும் மூன்றும் அடுத்தடுத்து வரும். முதலாவது பணிக்காலம்; இரண்டாவது நிபந்தனைகள்; மூன்றாவது பணிநீக்கம் அல்லது பணிமுடிப்பு. மூன்றையும் 'முடிவு' எனப் புரிந்துகொண்டவர் எதற்குக் கையொப்பமிடுகிறார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். நம் கல்லூரிக்கு வரும் மாணவருள் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாக ஆங்கிலம் படிக்க வல்லவர்கள். வீட்டுக்கு வரும் ஆங்கிலக் கடிதம் யாவும் அவர்கள் கையில்தான் கொடுக்கப்படுகின்றது. அவர்கள் சொல்லும் பொருளே அக்குடும்பத்துக்கு இறுதித் தீர்ப்பு.

செய்யத்தக்கன

நம் துறைக்கும் பிற கல்லூரித் தமிழ்த்துறைகளுக்கும் மூன்று கருத்துகளை முன்வைக்க விழைகிறோம்.

முதலாவது, மொழிபெயர்ப்புப் பாடத்தில் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் எனப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்விக்கும் முறையைக் கைவிடல் வேண்டும். சொல்லைத் தொடரோடு தருதல் வேண்டும். தேர்விலும் தனிச்சொல்லுக்குப் பொருள் கேளாது, தொடரில் அமைந்த சொல்லுக்கே பொருள் கேட்டல் வேண்டும்.

இரண்டாவது, இவ்விரு சொற்களுக்கும் உரிய தமிழை இடமறிந்து வழங்கல் வேண்டும். பாதை முடியும் டெர்மினஸுக்குக் கடைநிலையம் அல்லது இறுதி நிலையம், ஆய்வில் எல்லை. பயணியர் மாறிச் செல்லும் டெர்மினலுக்கு முனையம், மின்கலத்திற்கு முனை, உடலுறுப்பிற்குக் கடைப்பகுதி. நோயைக் குறிக்குமிடத்துத் 'தீரா நோயின் இறுதிநிலை' என விரித்தே சொல்லலாம். சொற்சுருக்கம் சிறப்பே, ஆயினும் உயிரோடு தொடர்புடைய இடத்தில் இரண்டு சொல் மிகுவதால் இழப்பொன்றுமில்லை.

மூன்றாவது, வட்டாரத்து மருத்துவர், வழக்கறிஞர், வங்கி அலுவலர் ஆகியோரை ஆண்டுக்கொரு முறையேனும் துறைக்கு அழைத்து, மக்கள் கைக்கு வரும் ஆவணங்களில் உள்ள சொற்களை மாணவர்க்கு விளக்கச் செய்தல் வேண்டும். இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஒரு பிற்பகல் போதும். கல்லூரியை நடத்தும் பெரியோர் இதற்கு இசைவளிப்பர் என நம்புகிறோம்.

முடிவாக

வாப்பா நலம் பெற்றபின் ஒருநாள் அவரைக் கடையிலேயே சென்று கண்டோம். நாம் எழுதச் சொன்ன பட்டியலால் விளைந்த துயரத்திற்கு வருத்தம் தெரிவித்தோம். அவர் சிரித்துக்கொண்டே, "பரவாயில்லை சார், நீங்கள் எழுதச் சொன்ன பட்டியலால்தான் நான் கடன் பட்டியல் எழுதினேன். இப்போது ஒவ்வொருவருக்காகக் கொடுத்து வருகிறேன்" என்றார். தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். பெருந்தன்மை மிக்கவர். அவர் மன்னித்தது அவர் சிறப்பு; அதனால் நம் பிழை சிறிதாகிவிடாது.

அம்மாணவர் இன்று தமிழாசிரியராகப் பணியாற்றுகிறார். நம் வகுப்பில் இன்றும் 'டெர்மினல்' என்னும் சொல் பாடத்தில் வருகின்றது. கரும்பலகையில் அதனை எழுதுகிறோம். எதிரே பொருள் எழுதுவதில்லை. 'எதன் டெர்மினல்?' என ஒரு வினாவை எழுதிவிட்டு மாணவரை நோக்குகிறோம். அவர்கள் விடை சொல்லத் தொடங்கிய பின்னரே பாடம் தொடங்குகின்றது.